எடை எழுதப்படாத முப்பத்தெட்டு பேர்

கதவு படாரென்று சுவரில் மோதியது. என் தங்கை. ஒரு கையில் சம்மதப் படிவம், இன்னொரு கையில் மூடியில்லாத பேனா.

"அக்கா, அவருக்குப் புது மருந்து ஏத்தப் போறாங்க. பத்து நிமிஷத்துல கையெழுத்து வேணுமாம். போட்டுடவா?"

"போடேன். நேத்தே சொன்னேனே."

இரண்டு மாடி மேலே அவள் கணவர் படுத்திருந்தார். அதே ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் எனக்கு வேலை. ஆறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த நானூற்று இருபது நோயாளிகளின் பதிவுகளை வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கை ஓட்டி, முடிவை நேற்றுதான் பெரிய டாக்டரிடம் கொடுத்திருந்தேன். பழைய மருந்தைவிடப் புது மருந்தில் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு பாதிக்கும் கீழே.

"நேத்து போன்ல சொன்னே. இப்ப என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"முகத்தைப் பாத்தா கணக்கு மாறிடுமா? உக்காரு. நீயே கண்ணால பாரு."

மென்பொருள் தந்திருந்த பக்கத்தைத் திறந்தேன். ஆபத்து விகிதமும் அது எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லைகளும்தான் இருந்தன; அவளுக்கு அது விளங்காது. எந்த மருந்தில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் கெட்டது என்ற எண்ணிக்கையை அது தானாகத் தராது. தனியாகக் கேட்க வேண்டும். நேற்றைய அவசரத்தில் நான் கேட்கவில்லை. இப்போது ஒரு வரி சேர்த்து ஓடவிட்டேன்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"உங்கக்கா சரின்னு சொன்ன மருந்து, ஏத்தறப்ப வலிச்சா அவங்களைத்தான் திட்டுவேங்கறார்."

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

பழைய மருந்து: பதிவில் 212 பேர், கணக்கில் 209. புது மருந்து: பதிவில் 208 பேர், கணக்கில் 170.

முப்பத்தெட்டு பேர் எங்கே?

ஒருவருடைய வரியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போதும், மென்பொருள் அந்த ஆளையே சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். தேடினேன். முப்பத்தெட்டு வரிகளிலும் ஒரே கட்டம்தான் காலி. எடை.

எழுத மறந்திருப்பார்கள் என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் அங்கே மூன்று, இங்கே முப்பத்தெட்டா?

"என்னக்கா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

"பேனாவைக் கீழ வை."

"நீதானே போடச் சொன்னே..."

"வைடீ!"

பதிவுகளைக் கணினியில் ஏற்றிய நர்ஸை ஸ்பீக்கரில் அழைத்தேன். எண்களைச் சொன்னேன். "இத்தனை பேருக்கு எடை போடாம விட்டிருக்கீங்களே, மறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன. தங்கை என் கையைப் பற்றினாள்.

"நான் எதையும் மறக்கல மேடம். எடை, டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு அனுப்பறப்பதான் எடுப்பாங்க. இவங்க யாரும் உயிரோட வீட்டுக்குப் போகலையே."