யாருமில்லாத நானூற்றுப் பதினெட்டு வீடுகள்

எங்கள் மேலதிகாரி டாக்டர் பர்ராகான் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். பத்து வருஷமாக இந்த ஆய்வு நிறுவனத்தில் கள மேற்பார்வையாளராகக் குப்பை கொட்டுகிறேன். எனக்காக ஒரு கதவைக்கூட அவர் திறந்து பிடித்ததில்லை. பேனாவைத் திறந்து கொடுக்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

"கடைசித் தாள், ஒதிலியா. ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை வெளியீடு."

அறிக்கையின் பெயர் 'வளரும் மாநிலம்'. மெக்சிகோவிலேயே எங்கள் மாநிலம்தான் இப்போது ஓட்டமாக ஓடுகிறதாம். விமான உதிரிபாக ஆலை, கார் ஆலை, கண்ணாடி ஆலை என்று வாரத்துக்கு ஒரு ரிப்பன் வெட்டுகிறார்கள். மலையிலிருந்து வரப்போகும் புதிய தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அறிக்கை வரைபடத்தில் குழாயைக் காட்டும் நீலக் கோடு மிராசோல் குடியிருப்பு வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே சட்டென்று ஒதுங்கி, புதிய தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. ஒதுங்கியதற்குக் காரணம் என் முன்னால் இருந்த தாள். மிராசோலில் மொத்தம் அறுநூற்று நாற்பது வீடு. அதில் நானூற்றுப் பதினெட்டு, குறியீடு ஐந்து. ஐந்து என்றால் ஆளில்லா வீடு.

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் டாக்டர்."

"பத்து வருஷமா படிக்காமத்தானே போட்டே?"

உண்மை என்பதால்தான் சுருக்கென்று தைத்தது. தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

கணக்கெடுக்கப் போன கல்லூரிப் பசங்கள் ஒவ்வொரு வீட்டையும் படம் பிடித்திருந்தார்கள். மத்தியானம் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்தேன். பூட்டிய கதவு, இழுத்துவிட்ட திரை, மறுபடி பூட்டிய கதவு. விதிப்படி மூன்று முறை தட்டியிருக்கிறார்கள். பிறகு பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். பக்கத்து வீடு 'யாருமில்லை' என்றிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் ஒரு ஆளில்லா வீட்டின் மொட்டை மாடியில் சாம்பல் நிறச் சட்டைகள் மூன்று காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வீட்டிலும் சாம்பல் சட்டை. விமான ஆலைச் சீருடை. அடப்பாவிகளா, பேயா துவைத்துப் போடும்?

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மிராசோல் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். அலுவலக நீலச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆலைப் பேருந்துகள் பதினொன்று வரிசையாக நின்றன. ஆணும் பெண்ணுமாக, பாதித் தூக்கத்தில், சாம்பல் சட்டைக்காரர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஏறுவதற்கு முன் எல்லோரும் ஒரு தள்ளுவண்டியில் நின்றார்கள். அதே தெருவில் குடியிருக்கும் தோன்யா சாயோவின் வண்டி; தோன்யா என்பது இங்கே மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. சோள மடலில் கட்டி அவித்த தமால் கொழுக்கட்டைகளும், ஒரு பெரிய அண்டா சோளக்கஞ்சியும். என்னைக் கண்டதும் அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"போன மாசம் நீலச் சட்டைப் பசங்களக் கூட்டிக்கிட்டு வந்தவதானே நீ?"

"ஆமா தோன்யா. உங்க தெருவுல முப்பத்தோரு வீட்ல ஆளே இல்லன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"சொன்னேன். இப்பக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். சட்டையும் பட்டியலுமா வந்து, யாரு இருக்கா, எத்தன பேருன்னு கேட்டா, கரண்ட புடுங்க வந்தவன்னுதானே நெனப்போம்? போன வருஷம் அப்படித்தான் வந்தானுங்க. கம்பத்துல கொக்கி போட்டிருந்த வயரையெல்லாம் அறுத்து அள்ளிக்கிட்டுப் போனானுங்க. அன்னைக்கே தெருவுல பேசி வச்சாச்சு. எவன் வந்து கேட்டாலும் பக்கத்து வீட்ல யாருமில்ல. என்னப் பத்திக் கேட்டா, அவங்களும் அதையேதான் சொல்லணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயைப் பற்றிச் சொன்னேன். நீலக் கோடு எங்கே வந்து, எங்கே திரும்பிவிட்டது என்று அவள் வண்டிப் பலகையிலேயே விரலால் வரைந்து காட்டினேன். அவள் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

மிராசோலுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி. ஒன்பது நாள் அந்த ஒரு டிரம் தண்ணீரில்தான் சமையல், குளியல், சீருடை துவைப்பது எல்லாம்.

"அப்ப என் வாயாலயே என் தெருவுக்குத் தண்ணி இல்லாமப் பண்ணிட்டேனா?"

"உங்க வாய் மட்டும் இல்ல. ஒம்பதுல இருந்து மூணு மணிக்குள்ள கதவத் தட்டச் சொன்னவ நான். மூணு மணிக்கு ஆபீஸ் வேன் திரும்பியாகணுமே. இவங்க பூரா ஆலையில இருக்கற நேரம்னு எனக்கு உறைக்கவேயில்ல." என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம். "இப்ப மறுபடி தட்டினா திறப்பாங்களா?"

"சத்தியமா மாட்டாங்க." அண்டாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "நாளைக்குத் தண்ணி லாரி. எட்டு மணிக்கு வா. கதவ ஏன் தட்டறே?"

புதன்கிழமை போனேன். தெருவுக்குத் தெரு, ஒவ்வொரு பூட்டிய கதவுக்கு முன்னாலும் ஒரு நீல டிரம். வேலைக்குப் போகும்போது உருட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைப் பெயின்டில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும். இரவு வேலை முடித்து வந்தவர்களும் தோன்யா சாயோ போன்றவர்களும் லாரிக் குழாயைப் பிடித்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போனார்கள். யாருடைய டிரம்மையும் யாரும் தாண்டிப் போகவில்லை. நான் தாளை விரித்துக் குறியீடு ஐந்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, போனில் படமும் பிடித்தேன். நானூற்றுப் பதினெட்டில் நானூற்றிரண்டு வாசலில் டிரம் இருந்தது.

"ஆளில்லாத வீட்டுக்குத் தாகம் எடுக்குமாடி மகளே?" என்றாள் தோன்யா சாயோ, முழங்கை வரை நனைந்துபோய்.

மத்தியானம் டாக்டரிடம் படங்களைக் காட்டினேன். மரியாதையாகத்தான் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"டிரம்முக்குக் குறியீடு கிடையாதும்மா. வாளி, டிரம்முன்னு எண்ணி ஆராய்ச்சி பண்ண முடியுமா? அடுத்த ரெண்டு வருஷத்துல மறுபடி எடுப்போம், அப்பச் சரி பண்ணிக்கலாம்."

"அதுக்குள்ள குழாயப் புதைச்சு மேல தார் ஊத்திடுவாங்க டாக்டர்."

"தாள் அச்சுக்குப் போகணும் ஒதிலியா. உன் ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் பேனாவையே எடுத்தேன். குறியீடு ஐந்து என்ற கட்டத்தின் குறுக்கே, 'இது தவறு. நானூற்றிரண்டு வீடுகளில் ஆட்கள் வசிக்கிறார்கள், நான் பார்த்தேன்' என்று எழுதி, அதன் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷத்தில் நான் படித்துவிட்டுப் போட்ட முதல் கையெழுத்து.

"பைத்தியமா உனக்கு?"

"கையெழுத்துக் கேட்டீங்க, போட்டாச்சு."

சாயங்காலத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். தாளை வேறொருத்தன் புதிதாக அடித்துக் கையெழுத்துப் போட்டான் என்று கேள்விப்பட்டேன். பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். வாடகை, சாப்பாடு எல்லாம் ஞாபகம் வந்தது. இறங்கியதும் மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளிக்கிழமை வெளியீடு எந்த மண்டபம், எத்தனை மணி என்று தோன்யா சாயோவுக்குப் போன் செய்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்துக்கு எதிர் நடைபாதையில் நின்றேன். ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. வளர்ச்சி, நூற்றுக்கு இத்தனை, வளர்ச்சி. அதையும் மீறி, சாலையின் மேட்டுப் பக்கமிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வந்தது. கார்கள் ஓரங்கட்டின. காலி டிரம்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த ஆண்கள், இன்னும் கழற்றாத சாம்பல் சட்டைகள். முன்னால் தோன்யா சாயோ. நானும் குறுக்கே ஓடிப்போய் அவள் டிரம்மில் ஒரு கை கொடுத்தேன்.

வாசல் காவலாளி அழைப்புப் பட்டியலோடு மறித்தான். "நில்லுங்க, நில்லுங்க. பேரச் சொல்லுங்க. யாரு நீங்கல்லாம்?"

"யாருமில்லப்பா," என்றாள் தோன்யா சாயோ. "உள்ள இருக்கற தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. யாருமில்லாதவங்கள நீ எப்படி மறிப்பே?"

அவன் பட்டியலைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அவள் குனிந்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு அது. டிரம் அதன் நடுவில் போய் நின்றுகொண்டது, வெள்ளை எண் எங்கள் பக்கம் தெரிய. கதவு மூட வந்து, டிரம்மில் இடித்து, திறந்தது. மறுபடி மூட வந்து, இடித்து, திறந்தது. பின்னால் மேட்டுச் சாலையில் டிரம்கள் இன்னும் உருண்டு வந்துகொண்டிருந்தன.