கை குலுக்கிய படம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநில கவர்னர் வெர்னனைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க, அதிபர் வேட்பாளர் தன் வக்கீல் மார்சீனை அனுப்பியிருந்தார். மூன்று வாரமாக அவள் வெர்னனின் பூர்வோத்தரத்தைக் குடைந்தாள். வரிக்கணக்கு, பழைய காதலி, தூக்க மாத்திரை, எதையும் விடவில்லை.

"உங்க அப்பா?"

"எனக்கு ஆறு வயசுல செத்துட்டாருன்னு அம்மா சொன்னாங்க. எத்தனை தடவைம்மா எழுதிக் குடுக்கிறது?"

"சாகலை சார், வீட்டை விட்டுப் போயிட்டாரு. இப்பவும் லிங்கன் நகரத்துல டிராக்டர் ரிப்பேர் பண்றாரு. உங்க கூட்டம் ஒண்ணையும் விட்டதில்ல."

மேஜைமேல் ஒரு படத்தை வைத்தாள். போன மாதக் கூட்டத்தில், விதைக் கம்பெனித் தொப்பி போட்ட கிழவர் ஒருவரின் கையை வெர்னன் குலுக்கிக்கொண்டிருந்தார்.

வெர்னன் படத்தைக் கையில் எடுத்தார். படத்தில் கிழவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனோ கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.