படத்தில் இருந்த கை

தஃபினா இறந்துபோன அப்பா ஸ்பிரோவின் தலைமாட்டில் புகைப்படத்தை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மாடி அறையில் தங்கியிருந்த டச்சுக்காரப் பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். ஓரித் ஏரிக்கு வரும் எல்லாரையும் போல அவளும் ஸ்பிரோவின் படகில் போனவள், கதை கேட்டவள். சவப்பெட்டியின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் படத்தைக் காட்டினாள்.

"இந்தக் கைதானே?"

"ஆமா. இந்தக் கைதான்."

படத்தில் இளம் ஸ்பிரோ ஏரியில் நனைந்து நடுங்கியபடி சிலுவையை உயர்த்திப் பிடித்திருந்தார். ஜனவரித் திருநாளில் பிஷப் ஏரியில் எறியும் சிலுவையை எடுப்பவனுக்கு அந்த வருஷம் முழுக்க ஊரில் ராஜமரியாதை. ஸ்பிரோவின் அக்குளுக்குள் பின்னாலிருந்து ஒரு கை நுழைந்திருந்தது. தம்பி மெத்தோடியின் கை. சிலுவைக்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவனையே தண்ணீரில் அமுக்கப் பார்த்த கை என்று ஸ்பிரோ சொல்லும்போது படகே உச்சுக்கொட்டும். தஃபினா அதைக் கேட்டே வளர்ந்தாள். அம்மா செத்த அன்று வாசலுக்கு வந்த சித்தப்பாவை, "எங்கப்பாவக் கொல்லப் பார்த்தவருக்கு இங்க என்ன வேலை" என்று கேட்டுக் கதவைச் சாத்தியதும் அவள்தான்.

இன்றும் வந்துவிட்டார். ஸ்ட்ரூகாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசற்கதவுக்கு வெளியே நின்றார். தஃபினா விறுவிறுவென்று போனாள். சமையலறையில் துக்கத்துக்குக் கொடுக்கும் கோதுமையை வேகவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லென்கா, கரண்டியோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அவன உள்ள விடுடி."

"எதுக்கு விடணும் அத்தை?"

"அவன் இல்லேன்னா உங்கப்பன் அன்னிக்கே போயிருப்பான். குளிர்ல காலு இழுத்துக்கிச்சு. சிலுவை இவன் கையிலதான் இருந்துச்சு. அண்ணன இழுத்துட்டு வந்து, கரைகிட்ட அவன் கையில அதத் திணிச்சுட்டான். நிச்சயம் பண்ணின பொண்ணு, உங்கம்மா, பாத்துக்கிட்டு நிக்கிறா. அவமானமாயிடும்ல."

"அப்ப அப்பா சொன்னது?"

"படகுல வர்றவங்களுக்குச் சொல்ற கதைதானடி. சண்டை இருந்தாத்தான் ரசிக்கிறாங்கன்னு பின்னால சேத்துக்கிட்டான். ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும். வீட்டில் இருந்தவளுக்குத்தான் தெரியாது.

"அம்மா செத்தப்ப இதே வாசல்ல இவரத் திருப்பி அனுப்பினேனே. நீங்களும் இங்கதான நின்னீங்க?"

லென்கா கரண்டியோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

அன்று லென்கா மட்டுமா நின்றாள்? அப்பா தஃபினாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் அவள் தலையைத் தடவி, "எம் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து எவ்வளவு பூரித்திருக்கிறாள். இப்போது அவர் தடவிய இடம் கூசியது.

"நீங்களாவது சொல்லிருக்கலாமே சித்தப்பா."

மெத்தோடி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத அண்ணன்ல சொல்லணும்."

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

பாதிரியார் வந்து ஜெபம் முடித்ததும், கடைசி முத்தத்துக்கு எல்லாரும் வரிசையாக வந்தார்கள். போகிறவருக்குப் பிடித்ததைக் கூட அனுப்புவது வழக்கம் என்பதால், லென்கா புகைப்படத்தை அவர் மார்பில் வைத்திருந்தாள். தஃபினா குனிந்தாள். படம் முகத்துக்கு நேராக வந்தது. அமுக்குகிறவன் அக்குளில் கைகொடுக்க மாட்டான். தினமும் தூசி தட்டிய படம்தான், இத்தனை வருஷம் அது கண்ணில் படவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பாதிரியார் அவள் முத்தமிடுவாள் என்று காத்திருந்தார்.

"மூடுங்க" என்றாள்.

"ஊர்வலத்துக்கு முன்னால சிலுவைய யாரும்மா எடுக்குறது?" என்று கேட்டார் பாதிரியார்.

வாசலில் சாத்தியிருந்த மரச்சிலுவையை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு ஏரியில நீங்கதான புடிச்சீங்க. நீங்களே எடுங்க."

கல்லறைக்குப் போகும் சந்து செங்குத்தாக ஏறியது. காலையில் பெய்த மழையில் கற்கள் வழுக்கின. ஊர்வலத்துக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் டச்சுக்காரப் பெண். அவளைத் தாண்டும்போது மெத்தோடிக்குக் கால் சறுக்கியது. தஃபினா பின்னாலிருந்து அவர் அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கினாள். மேடு முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.