பச்சை காட்டிய வரைபடம்

காலையில் என் கணவர் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, கைபேசியில் காற்றின் தரத்தைக் காட்டும் வரைபடத்தை. எங்கள் தெரு, காற்று சுத்தம் என்று பச்சையாக இருந்தால் ஜன்னல்களைத் திறப்பார், நடக்கக் கிளம்புவார். நுரையீரல் பாதி கெட்டவர். அந்தப் பச்சையைத்தான் நம்பினார்.

பால்கனியில் தூசி அளக்கும் பெட்டியை மாட்டியது என் தம்பி. ஊரெங்கும் இப்படி மலிவான பெட்டிகளை வைத்துக் காற்றைக் கண்காணிப்பது அவன் குழுவின் வேலை.

"மாப்ளே, தொண்டையில மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. உன் பெட்டி பச்சைங்குதே?" என்று இவர் கேட்பார்.

"பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது மாமா. நீங்க சிகரெட்டை நிஜமாவே விட்டுட்டீங்களா, அதைச் சொல்லுங்க!"

இவரும் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். மழைக்காலம் வருமுன் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஓய்ந்த பிறகு, பெட்டியைச் சுத்தம் செய்ய அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மடிக்கணினியில் பெட்டியின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யுதும்மா. உங்க பக்கம் எப்பவும் சிவப்புதானே, பின்னாடி சிமெண்ட் ஆலை இருக்கே" என்றாள்.

வரைபடத்தைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. எங்கள் பெட்டியைப் பழுது என்று ஒதுக்கிவிட்டு, எங்கோ தள்ளியிருந்த பெட்டிகளின் சராசரியை எங்கள் தெருவுக்குப் போட்டிருந்தார்கள். அப்படி ஒதுக்கும் அதிகாரம் தம்பிக்கு மட்டுமே உண்டு என்றாள்.

மறுநாள் வந்தான். மறுக்கவில்லை.

"எல்லாம் மலிவுப் பெட்டி அக்கா. துல்லியமா அளக்கற பெரிய மெஷின் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுத் திருத்தினாத்தான் நம்ப முடியும். அந்த மெஷின் ஆலை மாடியில இருக்கு. உங்க தெரு சிவப்பாத் தெரிஞ்சா மெஷினைத் தூக்கிட்டுப் போன்னுட்டாங்க ஆலைக்காரங்க. அப்புறம் ஊர்ல இருக்கற அத்தனை பெட்டியும் வீண். ஒண்ணே ஒண்ணைத்தான் ஒதுக்கினேன்."

"அந்த ஒண்ணை நம்பித்தாண்டா அவர் ஜன்னலைத் திறந்தார். என் காதுலயாவது போட்டிருக்கலாமே?"

"சொன்னா மாமா சும்மா இருப்பாரா? ஆலை வாசல்ல போய் நின்னிருப்பார்."

"நின்னிருப்பார். உயிரோட நின்னிருப்பார்."

அழுதான். அவன் அழுதால் என் கை தானாக அவன் தலைக்குப் போகும். அன்று அது மடியிலேயே கிடந்தது.

"இப்பவே சரி பண்ணிடறேன்கா" என்று கைபேசியில் எதையோ அழுத்தினான். எங்கள் தெரு சிவப்பானது.

"இதை வீடு வீடாப் போய் நீயே சொல்லு. இத்தனை நாள் ஏன் பச்சையா இருந்துச்சுன்னும் சொல்லு. இந்த வீட்டுக்கு மட்டும் இனிமே வராதே."