ரதியின் கழுத்து

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்தத் தழும்பு மறையணும் டாக்டர்" என்றார் என் கணவர் பிரதாப்.

"ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார் டாக்டர் நிரூபா.

"எனக்குத்தான். மாசியில."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் தாலியையும் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசிதோறும் காமன் கூத்து நடக்கும். ஒன்பது வருடமாக அதில் ரதி இவர்தான். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும், பிறகு சிவன் மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள். மற்ற நாளெல்லாம் நுவரெலியா டவுனில் ஆட்டோ ஓட்டுகிற மனிதர் அன்று அழுகிற அழுகையில் எங்கள் வரிசைவீட்டு லயமே மூக்கைச் சிந்தும்.

ஆடியில் இவருக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கழுத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு நின்றுவிட்டது. கூத்து வாத்தியார் வீரய்யா அதைப் பார்த்துவிட்டு, "மன்மதனை சிவன் எரிச்சாரு, சரி. ரதி கழுத்தை யாருடா அறுத்தது?" என்றார். கூத்துத் தொடங்கக் காமன் கம்பம் ஊன்றும் நாளுக்குள் கோடு மங்காவிட்டால் வேஷம் பக்கத்து லயத்து சுதாகரனுக்கு என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காமன் கூத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சொல்ல இவருக்கு வெட்கம். எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று, திரும்பி வரும்போது ஆட்டோவின் பின் சீட்டில் யோசித்தேன். டாக்டரின் பார்வையில் இரக்கம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. என் வயிற்றிலும் ஒரு கோடு இருக்கிறது. மகள் தனுஷிகாவை அறுத்து எடுத்தபோது வந்தது. ஏழு வருடமாக அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ரதியின் கழுத்துக்கோ முந்நூறு பேர்.

லேசர் அடித்தபோது இவர் கறுப்புக் கண்ணாடிக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ரப்பர் பேண்டால சுண்டுற மாதிரி இருக்கு" என்றார்.

"முழுசா மறையாது, மங்கும். மாசம் ஒருக்கா வாங்கோ. வெயில் படக் கூடாது. ஒரு கிழமைக்கு ஒண்டும் பூசக் கூடாது."

"எட்டாம் நாள் ரோஸ் பவுடர் பூசலாமா டாக்டர்?"

டாக்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார்.

மார்கழியில் எப்போதாவது வெயில் எட்டிப் பார்த்தால் ஈரத்துணியோடு வாசலுக்கு ஓடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் இவர் மப்ளரைத் தேடி உள்ளே ஓடினார்.

இரண்டு தடவை லேசர் முடிந்தது. காமன் ஊன்றிய அன்று காலை வீரய்யா இவர் தாடையை நிமிர்த்தி, மாடு வாங்குகிறவர்போல் இப்படியும் அப்படியும் திருப்பினார். என் கை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"ம்... கழுத்து தேறிருச்சு. மீசையை எடு."

பங்குனியில் மூன்றாவது தடவை போனோம். டாக்டர் இவரை விட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "கலியாணம் எப்பிடி?"

"நல்லா நடந்துச்சுங்க டாக்டர். மாப்பிள்ளையத்தான் எரிச்சிட்டாங்க."

டாக்டரின் பேனா கீழே விழுந்தது. இவர் பதறிப்போய் எல்லாவற்றையும் சொல்லி, போனில் படமும் காட்டினார். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப நீங்கள் ஆர்?"

"நான் ரதியோட பொண்டாட்டி."

"உங்களுக்கும் ஏதும் தழும்பு இருக்கோ?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

"அவளுக்கு வயித்துலதான் டாக்டர். அதை யாரு பாக்கப் போறா?" என்றார் இவர்.

"நான் பாக்குறேன்ல" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்து தன் நாற்காலியை எனக்கு விட்டார்.

"மறையணும்னு இல்ல டாக்டர். பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் வெளிய நிக்கட்டா?" என்றார் இவர்.

"இருங்க. இத்தனை மாசமா உங்க கழுத்தை நான் பாக்கலையா?"