இடது சக்கரத்து நட்டு

அப்பாசாமி யாரையும் நம்பாதவர். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவது எல்லோரும் செய்வதுதான். இவர் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், பொட்டலம் கட்டும்போது மாற்றியிருப்பானோ என்று.

வெற்றிலையும் கருவாடும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். மலாக்காவில் காஜா பேராங்கில் வீடு. பட்டாளத்தார் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய ஜீப் ஒன்று வைத்திருந்தார். ஊரெல்லாம் மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய அந்த வருஷம் ஜீப்பின் முன்பக்கம் கெட்டுப் போயிற்று. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் கையை உதறிவிட்டுத் தானாக ஆடும். ஓட்டுகிறவருக்குப் பல் தந்தியடிக்கும். அதோடு மாவரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

வெற்றிலைக்கு ஆட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவர வேண்டியது வெற்றிலை அல்ல, மகள் மல்லிகா. செங் என்ற ஊரைத் தாண்டி ரொம்ப உள்ளே ஒரு தோட்டம். பேப்பரில் ஏதோ வெள்ளைக்காரப் பெயர், நம் ஆட்களுக்கு அது ஆலமரத்துத் தோட்டம். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு போட்டு அழைத்துவர நாள் குறித்தாகிவிட்டது. போன வருஷம் முழுகாமல் இருந்தபோது அவள் தோட்டத்து லோரியில் ஏறி வந்தாள். செம்மண் பாதையின் குலுக்கலில் டவுனுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் போய்விட்டது. குலுக்கலால் இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாசாமி டாக்டரையும் நம்பவில்லை.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. எந்த டாக்சிக்காரனும் அந்தப் பாதைக்குள் வரமாட்டான். இந்த ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை.

“இந்த ஆட்டத்துல எம்பொண்ண ஏத்துனீங்கன்னா நான் சக்கரத்துக்கு முன்னால படுத்துக்குவேன்” என்று சொல்லிவிட்டாள் மனைவி சாரதாம்பாள்.

சொன்னபடி படுக்கிறவள்தான் அவள். அப்பாசாமி ஜீப்பை அப்துல் சமதுவின் பட்டறைக்கு ஓட்டிப்போனார்.

சமது நாகூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். தகரக் கொட்டகைதான் பட்டறை. முன்சக்கரங்களைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் சேறு.

“சேறு உள்ள போகாம தடுக்கிற வளையம் கிழிஞ்சிருக்கு அண்ணே. பேரிங்கெல்லாம் அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு. சக்கரம் திரும்புற மூட்டும் தேஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் புதுசா போட்டாத்தான் ஆட்டம் நிக்கும்.”

“சாமான் நான் வாங்கியாறேன்” என்றார் அப்பாசாமி. புதுசு என்று சொல்லித் தகர டப்பாவிலிருந்து பழசைத் துடைத்துப் போடுகிற ஆட்களை அவருக்குத் தெரியும். பண்டார் ஹிலிரில் கடை ஏறி, பிரிக்காத பெட்டிகளாகப் பார்த்து வாங்கினார். அவற்றைச் சமதுவிடம் ஒட்டுமொத்தமாகக் கொடுக்கவும் இல்லை. ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சமது கேட்கக் கேட்க மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“என்னண்ணே, தாலி எடுத்துக் குடுக்கிற மாதிரி குடுக்கிறீங்க.”

“வாங்கிக்குங்க பாய். அந்த டப்பாவுல என்ன?”

“பழைய சாமான்.”

“அது அங்கேயே இருக்கட்டும்.”

சக்கரம் இடவலம் திரும்புகிற மூட்டுக்கு மேலும் கீழும் காகிதம் போன்ற தகடுகள் வைத்து இறுக்கம் பார்க்க வேண்டும். தகடு கூடினால் தொளதொளவென்று ஆடும், குறைந்தால் ஸ்டியரிங் திரும்பாது. அந்த இறுக்கத்தைச் சமது, மீன் நிறுக்கிற வில் தராசை மூட்டில் கொக்கி போட்டு இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தீர்மானித்தார். அப்பாசாமிக்கு அது பிடிக்கவில்லை. தராசில் என்னென்ன செய்யலாம் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய்த் தன் தராசைக் கொண்டுவந்து அதிலும் இழுக்கச் சொன்னார். இரண்டு முள்ளும் வெவ்வேறு இடத்தில் நின்றன.

“உங்க தராசு ஜாஸ்தியா காட்டுது அண்ணே” என்றார் சமது, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அப்பாசாமி தன் தராசை எடுத்து முக்காலிக்குக் கீழே தள்ளினார்.

வலது பக்கம் வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை பகலில் இடது பக்கமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சக்கரம் கழன்று போகாமல் பேரிங்கைப் பிடித்துக்கொள்கிற பெரிய நட்டைச் சமது முடுக்கினார். சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் முடுக்கிவிட்டு, மறுபடி கொஞ்சம் தளர்த்தினார்.

“ஏன் தளர்த்துறீங்க?”

“ஓடும்போது சூட்டுல வீங்கும் அண்ணே. அதுக்கு இடம் விடணும்.” சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஆட்டிப் பார்த்து, மறுபடி ஒரு கடுகளவு திருப்பி, நட்டுக்கு அடியிலிருந்த பூட்டு வாசரின் நாக்கை மடக்கினார். ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார். “மூடிதான் பாக்கி. வந்து போடுறேன்.”

பட்டறையில் அப்பாசாமியும் ஜீப்பும்தான். அவர் எழுந்து போய், ஜாக்கியில் தொங்கிய இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். டொக் என்று ஒரு சின்ன அசைவு. மறுபடி ஆட்டினார். டொக்.

ஆட்டத்தை நிறுத்தத்தானே கொண்டுவந்தது? புதுச் சாமான் போட்டும் ஆடினால் என்ன வேலை இது? தொழுகைக்கு நேரமாச்சென்று அவசரத்தில் விட்டுவிட்டான் மனுஷன். வீங்குமாம், இடம் வேணுமாம். அப்பாசாமி வாழ்நாளெல்லாம் சரக்கு கட்டியவர். ஜீப்பின் பின்னால் ஏற்றிய வெற்றிலைக் கூடைக்குக் கயிறு ஒரு விரற்கடை தளர்ந்திருந்தால், மூன்றாவது மேட்டில் கூடை ரோட்டில் கிடக்கும். கட்டு என்றால் இறுக்கம். அதில் இரண்டு பேச்சு கிடையாது.

நாக்கை நிமிர்த்தினார். சமதுவின் பெரிய ஸ்பேனரை மாட்டி, காலை ஊன்றி, முழு பலத்தோடு முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார், கல்லு மாதிரி நின்றது. நாக்கை இருந்தபடியே மடக்கி, மூடியையும் போட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

சமது திரும்பி வந்து மூடியைப் பார்த்தார். “கை வெச்சீங்களா?”

“சும்மா இருந்தேன், மூடி மட்டும் போட்டேன்.”

மறுநாள் காலை இரண்டு பேரும் செங் வரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினார் அப்பாசாமி. ஸ்டியரிங் அசையவில்லை. அவருக்குள் ஒரு சந்தோஷம், அதில் பாதி தன் ஸ்பேனருக்கு. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது.

“எவனோ குப்பை கொளுத்துறான்” என்றார்.

வண்டி இடது பக்கம் இழுத்தது.

“நிறுத்துங்க” என்றார் சமது. இறங்கி வலது சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது. இடது சக்கரத்தில் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். மூடியின் ஓரத்தில் கிரீஸ் உருகி வழிந்திருந்தது.

“பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் யாரையும்...” என்று தொடங்கினார் அப்பாசாமி.

சமது அதற்குள் குனிந்துவிட்டார். ஜாக்கி போட்டு, சூடு ஆறக் காத்திருந்து, மூடியைக் கழற்றினார். வாசரின் நாக்கில் ஒரு மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. நட்டைக் கழற்ற ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டியிருந்தது. பேரிங்கின் உருளைகள் கத்தரிப்பூ நிறத்தில் வெந்திருந்தன.

“மூடி மட்டுந்தான் போட்டீங்களா அண்ணே?”

சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரரை அப்பாசாமி வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் ஆடுச்சு” என்றார் கடைசியில்.

“எவ்வளவு?”

“மயிரிழை.”

“அந்த மயிரிழைக்குத்தான் நான் அத்தனை நேரம் குனிஞ்சிருந்தேன்.” சமது குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அப்பாசாமிக்குச் சண்டை போடவாவது முடிந்திருக்கும்.

வெந்த பேரிங்கையே திரும்பப் போட்டு, நிறைய கிரீஸ் அப்பி, நட்டைத் தளர வைத்து, மாட்டு வண்டி வேகத்தில் டவுனுக்கு வந்தார்கள். பண்டார் ஹிலிர் கடையில் அந்த அளவு தீர்ந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து அடுத்த வாரம் வரும் என்றான் கடைக்காரன். அடுத்த வாரம் நாள் சரியில்லை. நல்ல நாள் வருவதற்குள் பாதை தண்ணீருக்குள் போய்விடும்.

பட்டறையில் சமது அந்தத் தகர டப்பாவைக் கவிழ்த்து ஒரு பேரிங்கைத் தேடி எடுத்தார். செத்துப்போன ஒரு ஜீப்பிலிருந்து கழற்றியது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அப்பாசாமியின் உள்ளங்கையில் வைத்தார். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினார். நல்லதா கெட்டதா, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உங்க மக ஏறுற வண்டியா இருந்தா இதைப் போடுவீங்களா பாய்?”

சமது யோசித்தார். “புதுசு கெடைச்சா போடமாட்டேன். கெடைக்கலன்னா போடுவேன். மெதுவா ஓட்டுவேன், நிறுத்தி நிறுத்திக் கை வெச்சுப் பாப்பேன்.”

தேன் ஒழுகப் பேசியிருந்தால் அப்பாசாமி பேரிங்கைத் திருப்பிக் கொடுத்திருப்பார். விற்கிறவன் எவனும் தன் சரக்கை இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

“நாளைக்கு வண்டியில நீங்களும் வாங்க.”

“வராமயா? நட்டுப் பக்கம் நீங்க போகாம பாத்துக்க ஒரு ஆள் வேணுமே.”

சமது நட்டை முடுக்கித் தளர்த்துகிற நேரத்தில், அப்பாசாமி முக்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது நான்கைந்து இடத்தில் நிறுத்திக் கை வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் வளைகாப்பு முடிந்து, மருமகன் தேவதாஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். முன்னால் மல்லிகா உட்கார்ந்தாள். பின்னால் சாரதாம்பாளும், மிஞ்சிய சோற்றுத் தூக்குகளும், சமதுவும். செம்மண் பாதையில் மழைநீர் நின்றது. பள்ளம் வரும்போதெல்லாம் அப்பாசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் அவர் சொன்ன பக்கம் போயிற்று. மல்லிகாவின் கை நிறைந்த வளையல் எப்போதாவது ஒரு தடவை சிணுங்கியது, அவ்வளவுதான். பாதிப் பாதையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

தார் ரோடு ஏறியதும் செங் பக்கம் நிறுத்தினார். பின்னால் சமது வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாசாமி சத்தமில்லாமல் இறங்கி, இடது சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். பால் குடித்த பிள்ளையின் வயிறு மாதிரி இளஞ்சூடு. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

“என்னப்பா, வண்டிக்குக் காய்ச்சலா?” என்றாள் மல்லிகா கண்ணைத் திறக்காமல்.

“இல்ல. நல்லா இருக்கு.”

“அண்ணே” என்று பின்னாலிருந்து சமதுவின் தூக்கக் குரல் வந்தது. “தொட்டுப் பாத்ததோட நிறுத்திக்குங்க.”

அப்பாசாமி வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.