மூட்டைக்கு ஒரு கை

ருக்குமணிக்கு ரோட்டோரத் தேயிலை நிரை, பவளத்துக்கு வழுக்குகிற மேட்டு நிரை. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள் மேடேற வேண்டும்; போன வருஷம் ரிங்லெட் பக்கமிருந்து வந்தவள் கொழுந்து ஏற்றும் லோரி நிற்கிற இடத்தில் நிற்கலாம். என்ன நியாயம் இது? போதாக்குறைக்கு, சில நாள் கங்காணி அமிர்தலிங்கமே அவளுடைய மூட்டையைத் தூக்கிவிடுவார். பவளத்துக்கு வயிறு எரிந்தது.

"சும்மாவா குடுப்பாரு ரோட்டோர நிரைய? இவதான் அவருகிட்ட இழையுறாளே," என்று தொழிலாளர் லயத்துக் குழாயடியில் பற்றவைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, சாயங்காலத்துக்குள் அது ஒன்றுக்கு ஒன்பதாகிவிட்டது.

கொழுந்து மூட்டையை ஒருத்தி தனியாகத் தலைக்கேற்ற முடியாது. பக்கத்து நிரைக்காரி ஒரு கை கொடுப்பாள், அதுதான் வழக்கம். அந்தப் பேச்சுக்குப் பிறகு ருக்குமணிக்கு யாரும் கை கொடுக்கவில்லை. "அதான் ஆள் இருக்கே," என்றார்கள். பவளத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு காலையில் ருக்குமணி முழங்காலில் முட்டுக்கொடுத்து மூட்டையைத் தானே தூக்கப் பார்த்தாள். மூட்டை சரிந்தது. கங்காணி சிரித்தபடி வந்து தூக்கிவிட்டார். அவளுடைய இரண்டு கைகளும் தலைச்சுமையைப் பிடித்திருக்க, அவர் கை அவள் இடுப்புக்கு வந்து அங்கேயே நின்றது.

"வேணாம் கங்காணி. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

மேட்டிலிருந்து பவளம் இதைப் பார்த்தாள். இதற்கா இத்தனை நாள் பொறாமைப்பட்டாள்? சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"கைய எடுங்க கங்காணி. மூட்டைய நான் பாத்துக்கிறேன்."

மத்தியானம் இருவரும் ஆபீசுக்குப் போனார்கள். மேனேஜர் லோகேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணுதான் அவருகிட்ட இழையுதுன்னு லயம் முழுக்கப் பேச்சாமே?" என்றார்.

ருக்குமணி தலைகுனிந்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு லயமே தன்னைக் காறித் துப்பும் என்று பவளத்துக்குத் தெரியும்.

"அந்தப் பேச்சக் கட்டிவிட்டது நான்தான் சார். வயித்தெரிச்சல்ல சொன்னது. இன்னிக்குச் சொல்றது கண்ணால பாத்தது. சாட்சிக்கு எம்பேரப் போட்டுக்குங்க."

விசாரணை முடியும்வரை கங்காணி தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். வெளியே வந்த பிறகும் ருக்குமணி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீங்க தினம் மூட்டைக்கு ஒரு கை குடுத்திருந்தா, அவன் கிட்டயே வந்திருக்க மாட்டான்க்கா," என்றாள்.